இடுப்போரத்து ஒட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒரு வீட்டுக்குள் வந்து உட்காரத் தெரியவில்லை. டெய்லரின் முதல் புகார் அதுதான். சம்பந்தம் பேசுவதென்றால் பையன் வீட்டார் பெண் வீட்டுக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் காரை பெயர்ந்திருப்பதைப் பார்க்காத மாதிரி பார்க்க வேண்டும். ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போக வேண்டும். இப்போது என்னடாவென்றால், "வெளியில எங்கயாவது சந்திக்கலாமே, எல்லாருக்கும் சங்கடமில்லாம இருக்கும்" என்கிறார்கள். காரில் ஏறு, மலைக்குப் போ, செத்துப்போன தலைவர் ஒருவரின் வீட்டைப் பார், அருவியைப் பார், ஏரியைப் பார், அதற்கப்புறம் பெண் பிடித்ததா இல்லையா என்று ஃபோனில் சொல். சங்கடமில்லாமல் இருக்குமாம். சங்கடப்படாமல் யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கிறதா?

இதையெல்லாம் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டார். வாயைத் திறக்கக் கூடாது என்று மகளின் உத்தரவு.

மகளுக்கு முப்பத்து நாலு. ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்தியதே தெரியாது என்று நோயாளிகள் சொல்வார்கள். ஏற்கெனவே ஒரு வரன் கூடி வந்து கலைந்துபோனது. கலைத்தவர் டெய்லர். பையனின் அப்பா கழற்றிப் போட்ட கோட்டை எடுத்து உள்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வாடகைக் கோட்டுங்களா?" என்று கேட்டார். வாடகைக் கோட்டுதான். அதனால்தான் அவர்கள் எழுந்து போனார்கள்.

காலையில் தெருமுனையில் கார் வந்து நிற்பதற்கு முன் மகள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள். அந்தத் தலைவரைப் பத்தி மட்டும் ஒண்ணும் பேசிடாதீங்க. அவங்க அம்மா அந்த மனுஷனைத் தெய்வமா வெச்சிருக்காங்க."

"நான் என்ன பேசப்போறேன்?"

"அதுதான் எனக்கும் தெரியல. அதான் பயமா இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு இவரைப் பிடிச்சிருக்குப்பா."

எந்த வரனைப் பற்றியும் அவள் இப்படிச் சொன்னதில்லை. டெய்லர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் மனப்பூர்வமானதுதான்.

பையன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நாற்பதை நெருங்குகிறவரைப் பையன் என்று சொல்வது சம்பந்த மரியாதை. நண்பனின் காரை இரவல் வாங்கி, மாட்டுவண்டி ஓட்டுகிற நிதானத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் மகளும், லிஃப்ட்காரரின் அம்மாவும். அந்த அம்மா தபால் ஆபீஸில் கௌன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் அந்தக் கௌன்டர் இருந்தது.

"அங்க அவரோட சட்டை ஒண்ணு மாட்டியிருக்காங்களாம்," என்றார். "ஒட்டுப் போட்ட சட்டை. நாட்டையே ஆண்ட மனுஷன், ஒட்டுப் போட்ட சட்டையோட போய்ச் சேர்ந்திருக்கார். நினைச்சாலே நெஞ்சை அடைக்குது."

டெய்லரின் முதுகில் சீட்டின் வழியாக மகளின் முழங்கால் லேசாக இடித்தது. அவர் கண்ணாடி வழியாக மலையைப் பார்த்தார்.

ஒட்டுப் போட்ட சட்டை! அவருக்குத் தெரியாததா? ஒரு தேர்தல் சமயம், வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் அவர் கடைக்குப் புதுத் துணி கொண்டுவந்து, அரை டஜன் சட்டை தைக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தோள்பட்டையில் ஓர் ஒட்டுப் போடச் சொன்னார்கள். "ஒட்டு வேற நிறத்துல இருக்கணும், தூரத்துலேர்ந்து தெரியணும்" என்றார்கள். டெய்லர் தைத்துக் கொடுத்தார். வேட்பாளர் ஜெயித்தார். அன்றிலிருந்து மேடையேறுகிற எவனைப் பார்த்தாலும் டெய்லரின் கண் முதலில் சட்டையைத்தான் பார்க்கும், பேச்சு அப்புறம்தான் காதில் விழும்.

தலைவரின் வீடு, சாலையிலிருந்து ஒரு சரிவில் இறங்கினால் வருகிற சின்ன ஓட்டு வீடு. முன்னறை, படுக்கையறை, சமையலறை, பின்னால் ஒரு குழாய். வந்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தொப்பி போட்ட ஒருவர் வாசற்கதவின் தாழ்ப்பாளிலிருந்தே ஃபோனில் படமெடுத்துக்கொண்டு வந்தார். வீட்டைச் சுற்றிக் காட்டியது எழுபதை ஒட்டிய ஓர் அம்மா. நரைத்த முடியை இழுத்துக் கட்டி, கையில் சாவிக்கொத்தோடு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனார்.

"இது அய்யா எழுதின மேசை. இது அய்யாவோட ரேடியோ. பதவியை விட்டு வந்தப்ப அய்யா கொண்டுவந்தது ஒரு பெட்டி, ஒரு குடை."

அந்த அம்மாவை அங்கே வேலைக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்று டெய்லர் நினைத்தார். பெட்டி, குடை என்று சொன்னபோது மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைத் தும்மலாக மாற்றிக்கொண்டார்.

படுக்கையறையில் ஒரு கட்டில். கட்டிலுக்கு மேலே சுவரில் ஆணியடித்து ஹேங்கரில் சட்டை. முன்னால் குறுக்கே ஒரு கயிறு.

"இந்தச் சட்டையில தெரியுதே ஒட்டு, அது அய்யாவே தன் கையால போட்டது. புதுசு வாங்கலாம்னா, கிழிஞ்சாத் தைக்கணும், தூக்கிப் போடக் கூடாதும்பார்."

தபால்கார அம்மா கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டெய்லருக்குச் சட்டை மட்டும்தான் தெரிந்தது. இடது பக்கம், இடுப்புக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒட்டு. ஒரு சட்டை எங்கே கிழிந்துபோகும்? காலர் மடிப்பில் போகும், முழங்கையில் போகும், கைப்பட்டியில் நைந்துபோகும். இந்தச் சட்டையின் காலரோ நேற்று கத்தரித்தது போல நிற்கிறது. இடுப்போரத்தில் துணியை எது கிழிக்கும்? அதோடு அந்தத் தையல் ஆண்பிள்ளைக் கைத்தையல் இல்லை. எறும்பு போகிற மாதிரி பொடித் தையல், பழகின பெண் கை. இன்னொன்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. மூன்று பக்கம் ஒரு நூல். மேல் பக்கம் மட்டும் வேறு நூல், புது நூல்.

அவருக்கு நாக்கு துருதுருத்தது. மகளைப் பார்த்தார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டை மடித்துக்கொண்டு நகரப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துத் தபால்கார அம்மா ஆசையாகக் கூப்பிட்டார். "டெய்லர் சார், நீங்க கிட்ட வாங்க. நாங்கல்லாம் சும்மா பார்த்துட்டுப் போறவங்க. இதோட அருமை உங்களுக்குல்ல தெரியும்! சொல்லுங்க, எப்படிப் போட்டிருக்காரு?"

"நல்ல தையல்," என்றார் டெய்லர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பார்த்தியாடா? தொழில்காரரே சொல்றாரு! ஆட்சி பண்ணின கையி, ஊசி பிடிச்சா எப்படிப் பிடிச்சிருக்கு!"

"அவர் கை இல்லீங்க."

சொல்லியாகிவிட்டது. மகள், "அப்பா" என்றாள், மெதுவாக. ஆனால் டெய்லரின் வாய் ஒருமுறை திறந்துவிட்டால் மூடி போட முடியாது.

"இது பொம்பளைக் கை. அதுவும் இந்த இடத்துல எந்தச் சட்டையும் கிழியாது. மேல் பக்கம் பாருங்க, வேற நூலு. ஆளு போனதுக்கப்புறம் காட்சிக்கு வைக்க யாரோ போட்டது. நானே போட்டுக் குடுத்திருக்கேன் இப்படி. புதுத் துணியில, ஒரு வேட்பாளருக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தொப்பிக்காரர் ஃபோனை இந்தப் பக்கம் திருப்பினார். "சும்மா அடிச்சு விடாதீங்க பெரியவரே," என்று இன்னொருவர் சொன்னார். அது டெய்லரைச் சுட்டது. நாற்பது வருஷம் துணியோடு குடித்தனம் நடத்தியவரைப் பார்த்து, அடித்து விடாதே என்கிறானே!

"அடிச்சு விடறேனா? அடியில கிழிசலே இருக்காது. பாக்கறீங்களா?"

சாவிக்கொத்து அம்மா அப்போது வாசற்பக்கம் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். டெய்லர் கயிற்றுக்கு அடியில் குனிந்தார். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மகள் அவர் கையைப் பிடிப்பதற்குள், மேல் பக்கத்துப் புது நூலில் முனையை விட்டு ஓர் இழுப்பு. நூல் கரகரவென்று பிரிந்தது. ஒட்டின் வாய் திறந்தது.

"பாருங்க! கிழிசல் எங்கே?" துணியைத் தூக்கிக் காட்டினார். "முழுத் துணி! ஓட்டையே இல்ல!"

கிழிசல் இல்லைதான். ஆனால் அவர் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் மடித்து வைத்த பஞ்சு, மேலே வலைத்துணி சுற்றியது. அதைச் சுற்றித் துணி மொரமொரப்பாக, காய்ந்த பழுப்பு வளையமாக இருந்தது. டீக் கறை எப்படி இருக்கும், துருக் கறை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது உடம்பிலிருந்து வந்த கறை. பஞ்சு நழுவிக் கட்டில் மேல் விழுந்தது.

பின்பக்கத்துக் குழாய் சொட்டுவது கேட்டது.

"அதை விடுங்க."

சாவிக்கொத்து அம்மா கயிற்றைத் தாண்டி வந்தார். டெய்லரின் கையிலிருந்து சட்டையை வாங்கினார். பிடுங்கவில்லை, தூங்குகிற குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கினார்.

"எங்க அண்ணனுக்கு விலாவுக்குக் கீழ ஓட்டை போட்டுக் குழாய் வெச்சிருந்தாங்க. கடைசி வருஷம்."

அவ்வளவு நேரம் அய்யா அய்யா என்று ஒப்பித்தவர் அண்ணன் என்றதும்தான் கூட்டத்துக்கு அவர் யாரென்று புரிந்தது.

"கசியும். ஜனங்க பார்க்க வந்துக்கிட்டே இருப்பாங்க. சட்டையை நனைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கறதை யாரும் பார்க்கக் கூடாதுன்னாரு. நான் பை மாதிரி ஒண்ணு தச்சு, உள்ள பஞ்சு வெச்சேன். மேல் பக்கம் திறந்து திறந்து மாத்துவேன். போனதுக்கப்புறம் மூடித் தச்சுட்டேன். துவைக்க மனசு வரல." பஞ்சை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "வீட்டைப் பார்த்துக்கற டிரஸ்ட்டுலேர்ந்து வந்தவங்க, 'அடடா, ஒட்டு'ன்னாங்க. ஊருக்கெல்லாம் அப்படியே எழுதிட்டாங்க. அதுவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். பொய்தான். என்ன இப்ப?"

டெய்லரின் கையில் கத்தி இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பைக்குள் போடப் பார்த்தார். பை வாய் அகப்படவில்லை.

"நான் தச்சுத் தர்றேம்மா," என்றார். "நூல் இருக்கு எங்கிட்ட. அதே மாதிரி..."

"நீங்க வேண்டாம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு டீ வேண்டாம் என்பது போலச் சொன்னார். பிறகு சட்டையை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்து அலமாரியிலிருந்து ஊசி எடுத்தார். நூல் கோக்க வரவில்லை. டெய்லரின் மகள் கயிற்றைத் தாண்டிப் போய்ப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"நான் கோத்துத் தரட்டுமாம்மா?"

அந்த அம்மா அவளைப் பார்த்தார். ஊசியைக் கொடுத்தார். பிறகு சட்டையையும் கொடுத்தார்.

டெய்லர் வெளியே வந்து சுவரோரம் நின்றார். ஜன்னல் வழியாக மகளின் குனிந்த தலை தெரிந்தது. தையலை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். அந்த நினைப்பு வந்ததும் அதைப் போகச் சொல்லி விரட்டினார். இப்போது பெருமைப்பட அவருக்கு எந்த உரிமையும் இல்லை. வெளியே வந்த ஜனங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், பாதையில் கிடக்கிற ஈரத்தைச் சுற்றிப் போவது போல.

அடுத்தது அருவி. திட்டம் போட்டாயிற்று என்பதற்காகத்தான் போனார்கள். இரும்புக் கைப்பிடி வைத்த ஈரப் படிகள், பாசி, மேலேயிருந்து விழுகிற தண்ணீரின் இரைச்சல், நனைந்து கத்துகிற கூட்டம். லிஃப்ட்காரரும் மகளும் கீழே இறங்கிப் போனார்கள். தள்ளித் தள்ளி நடந்தார்கள். நேற்றுவரை ஃபோனில் மணிக்கணக்காகப் பேசியவர்கள்.

டெய்லர் மேலே ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தார். தபால்கார அம்மா வந்து அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று டெய்லருக்குத் தெரிந்தது. பழக்கமில்லாத வேலை. வாயைத் திறந்ததும் வந்தது வேறு.

"பொய் சொன்னாங்கல்ல?"

சொன்ன மறுவினாடி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா, சொன்னாங்க," என்றார் அந்த அம்மா. "நான் அதை நம்பி அழுதேன். அழுத முட்டாள் நான்தான். உங்களுக்குச் சந்தோஷமா?"

"இல்லீங்க."

"எங்க ஆபீஸ்ல எத்தனையோ கவர் கையில வரும். சரியா ஒட்டாம வாய் பிளந்துக்கிட்டு வரும். உள்ள என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கும். பசை தடவி ஒட்டி அனுப்பிச்சுடுவேன். அவ்வளவுதான். அதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்."

டெய்லர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மொரமொரப்பு இன்னும் அங்கே இருப்பது போல இருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு தங்கம்," என்றார் அந்த அம்மா எழுந்தபடி. "அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. உங்களை என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல."

மகள் படியேறி வந்தாள். முகம் நனைந்திருந்தது. அருவிதான் என்று டெய்லர் நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அப்பா, அந்தத் தொப்பி போட்ட ஆள் எல்லாத்தையும் எடுத்திருக்கான். தச்சுக் குடுத்தப்ப அந்த வீட்டம்மா என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அது வெளிய போகாம பார்த்துக்கோம்மான்னு. அவன் அதோ கடையில நிக்கிறான். நீங்க போய்க் கேளுங்க."

"நானா? அவன் என் பேச்சைக் கேப்பானா பாப்பா?"

"பிரிச்சது நீங்க. அது நாளைக்கு ஊரெல்லாம் சுத்துச்சுன்னா, நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இவங்க வீட்டுக்குள்ள போவேன்? அவங்களே வான்னாலும் நான் போக மாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கேட்டுட்டு வந்து எங்கிட்ட சொல்லுங்க. அப்புறம் பஸ்ல வீட்டுக்குப் போயிடுங்க. ஏரிக்கு நாங்க மட்டும் போறோம்."

டெய்லர் எழுந்தார். மகள் தன்னைப் பஸ்ஸில் அனுப்புகிற அளவுக்கு வந்துவிட்டது என்பதை அவர் நடந்துகொண்டேதான் புரிந்துகொண்டார்.

டீக்கடையில் தொப்பிக்காரர் கடைக்காரனுக்கு ஃபோனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அட, இதோ வந்துட்டாரே ஹீரோ!" என்று டெய்லரின் முதுகில் ஒன்று வைத்தார். "சூப்பரா மாட்டிவிட்டீங்க பெருசு. எல்லாம் பித்தலாட்டம். ஒருத்தனையும் நம்ப முடியாது. நான் உள்ள நுழைஞ்சப்பவே நினைச்சேன்."

இதே வார்த்தைகளைத்தான் டெய்லர் நாற்பது வருஷமாகத் தன் கடையில் உட்கார்ந்து சொல்லிவந்தார். இன்னொருவன் வாயில், பல்லில் பிஸ்கட் ஒட்டிக்கொண்டு கேட்டபோது அது எப்படி இருக்கிறதென்று இப்போதுதான் தெரிந்தது. ஃபோனில் அவர் உருவம் அசைந்தது. சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "முழுத் துணி!" என்கிறார். சிரித்துக்கொண்டிருக்கிறார். தான் சிரித்தது அவருக்குத் தெரியாது.

"அதை அழிச்சிடுங்க தம்பி."

"எதுக்கு? செம்மையா வந்திருக்கு."

"அந்தம்மா வேண்டாம்கறாங்க."

"மாட்டிக்கிட்டவங்க அப்படித்தான் சொல்வாங்க."

"எனக்காக. என் பொண்ணு கல்யாண விஷயம். உங்க கையைப் பிடிச்சுக் கேக்கறேன்." பிடித்தே விட்டார். கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அட, விடுங்க, விடுங்க. பெரிய மனுஷன் நீங்க போயி..." தொப்பிக்காரர் கையை உருவிக்கொண்டு கட்டைவிரலால் எங்கோ அழுத்தினார். "இந்தா, போச்சு. பார்த்துக்கோங்க."

ஃபோனில் இப்போது அருவி இருந்தது.

"வேற யாருக்கும் அனுப்பலையே?"

"எங்கம்மா சத்தியமா இல்ல."

யோசிக்காமல் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் சத்தியம் செய்கிறவர்களை டெய்லருக்குத் தெரியும். நாளைக்கே வந்து துணியை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் வராமலே இருப்பவர்கள் அவர்கள். அழித்தது எங்கே போகிறது, போனது திரும்பி வருமா, அவருக்கு என்ன தெரியும்? மறுபடி கேட்க வாயெடுத்தார். தொப்பிக்காரர் அதற்குள் இன்னொரு டீ சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கார் அருகே நின்றாள். லிஃப்ட்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

"அழிச்சானா?"

"அழிச்சுட்டான்."

"கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நம்பலாமாப்பா?"

எதையும் புரட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத மனுஷன் இவர் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாள். டெய்லர் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"நம்பலாம் பாப்பா," என்றார்.

அவள் மூச்சை விட்டாள். தோள் இறங்கியது. காருக்குள் ஏறி லிஃப்ட்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்து, "பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி. பக்கம்தான். நீங்க ஏரியைப் பார்த்துட்டு வாங்க."

கார் மேலே ஏறிப் போனது. டெய்லர் இறக்கத்தில் நடந்தார். டீக்கடைப் பக்கம் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள். அருவியில் நனைந்துவிட்டு வந்தவர்களாக இருக்கலாம். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. நிற்காமல் நடந்தார்.